வெளியேறும் பட்டன்

என் வேலையைப் பற்றிக் கேட்டால் நான் கொஞ்சம் நீளமாகவே பேசிவிடுவேன் மேடம். வீட்டிலும் எனக்கு இந்தப் பெயர் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள். எதையும் விடாமல் சொல்லிவிட்டால் உங்களுக்கும் திரும்பத் திரும்பக் கேட்கிற சிரமம் இருக்காது.

நான் இணையதளம் வடிவமைக்கிறவன். டயர்க் கடைக்கு மேலே ஒற்றை அறைதான் என் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் புழுக்கம். பல் டாக்டர், பூட்டு ரிப்பேர் செய்கிறவர், நீச்சல் சொல்லிக் கொடுக்கிற அம்மா, சவப்பெட்டி விற்கிறவர் என்று பலருக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். அழகாகப் படம் போடுகிற வேலை என்று பலருக்கு நினைப்பு. அப்படி இல்லை. ஒருவர் ஏதோ ஒன்று வேண்டும் என்று வருகிறார். அவருக்கும் அந்த ஒன்றுக்கும் நடுவில் குறுக்கே கிடப்பதையெல்லாம் எடுத்துப் போடுவதுதான் என் வேலை. பல்வலியோடு வருகிறவனுக்கு டாக்டர் எங்கே படித்தார், கிளினிக்கை யார் ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தார் என்பதெல்லாம் எதற்கு? போன் நம்பரைப் பெரிதாகப் போட்டால் போதும். சவப்பெட்டிக்காரருடைய பழைய தளத்தில் நுழைந்ததுமே ஒரு துள்ளல் இசை ஓடும். அதை எடுக்க அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒரு தளம் நன்றாக இருக்கிறதா என்று அதைச் செய்தவனுக்குத் தெரியாது. அவனுக்குத்தான் எல்லா வழியும் தெரியுமே. எதுவும் தெரியாத ஒருவரை உட்கார வைத்து, ஒரு வேலையைக் கொடுத்து, பின்னால் இருந்து வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். எங்கே தயங்குகிறார், எங்கே தப்பான இடத்தை அமுக்குகிறார், எங்கே பெருமூச்சு விடுகிறார் என்று. உதவி மட்டும் செய்யக் கூடாது. இதற்குச் சோதனை என்று பெயர். எனக்கு அந்த ஆள் என் மனைவி.

கல்யாணமான புதிதிலிருந்தே அவள்தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நின்றுவிட்டாள். அது இரண்டு பேரும் பேசி எடுத்த முடிவு. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக் கொடுப்பேன். அவளுக்கு இடது காது கேட்காது. அதனால் எப்போதும் வலது பக்கமாக, சற்றுப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். “அவசரமில்ல, நிதானமா யோசிச்சு செய்,” என்பேன். எந்தச் சோதனைக்கும் இதே வாக்கியம்தான். வாக்கியம் மாறினால் முடிவும் மாறிவிடும்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. சந்தேகம் வந்தால் மவுஸைச் சொல்லின் மேல் வைக்க மாட்டாள். அந்தச் சொல்லைச் சுற்றிச் சின்ன வட்டமாகப் போட்டுக்கொண்டே இருப்பாள், மாவு பிசைந்த கையைத் துடைக்க இடம் தேடுகிற மாதிரி. கையெழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்வார்கள் இல்லையா, அந்த வட்டத்தைப் பார்த்து நான் அவளைச் சொல்லிவிடுவேன்.

ஒருமுறை பஸ் டிக்கெட் பதிவு செய்கிற தளம். தேதியை மாற்றுகிற இடம் பக்கத்தின் உச்சியிலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது. அவள் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தாள். நான் பொறுமையாகத்தான் இருந்தேன். அவளுடைய இடது கை மேசை இழுப்பறையின் விளிம்பில் இருந்தது. நான் இழுப்பறையை மூடினேன். விரல்கள் உள்ளே இருந்தன. ஒரு சத்தம் கேட்டது, மரம் விரிசல் விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தேதி மாற்றுகிற இடத்தை இன்னும் பெரிதாக்கி, பக்கத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தேன். வாடிக்கையாளருக்கு ரொம்பத் திருப்தி.

நர்ஸக்கா என்னைத் தேடி வந்தது அதற்குப் பிறகுதான்.

எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பிரசவ வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டையான உருவம், பெரிய கைப்பை, மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

“பொம்பளைங்க வீட்டுல அடி வாங்கிட்டுப் போக இடமில்லாம நிக்கிறாங்க தம்பி. அவங்க தங்குறதுக்கு நாங்க ஒரு வீடு வெச்சிருக்கோம். வீடு இருக்கு, கட்டில் இருக்கு, சோறு இருக்கு. ஆனா எங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு அவங்களுக்குத்தான் தெரியல.”

அவர்களுடைய பழைய தளத்தைக் காட்டினார். யாரோ சொந்தக்காரப் பையன் செய்து கொடுத்தது. முதல் பக்கம் முழுக்க ரோஜாப் பூ. அதற்குக் கீழே தலைவரின் உரை. உதவி என்கிற சொல் எங்கே என்று நானே தேட வேண்டியிருந்தது.

“இந்தப் பக்கத்துக்கு வர்ற பொம்பளைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்க்கா?” என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. “அவன் குளிச்சிட்டு வர்ற நேரம்.”

அந்தப் பதில் என்னை உலுக்கிவிட்டது மேடம். இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் அந்தத் தளத்துக்கு உழைத்த மாதிரி நான் எதற்கும் உழைத்ததில்லை. ரோஜாப் பூவைத் தூக்கினேன். உரையைத் தூக்கினேன். ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி, பெரிய எழுத்து, கை நடுங்கினாலும் தவறாமல் அமுக்குகிற அளவுக்கு அகலமான பட்டன்கள். ஓரத்தில் எப்போதும் கூடவே வருகிற ஒரு சிவப்புப் பட்டன், ‘வெளியேறு’ என்று. கதவு திறக்கிற சத்தம் கேட்டால் அதை அமுக்கினால் போதும். அந்த இடத்தில் வானிலைப் பக்கம் வந்து நிற்கும். பின்னால் போகிற பட்டனை அமுக்கினாலும் பழைய பக்கம் வராது.

“போன் பண்ணச் சொல்லாதீங்கக்கா,” என்றேன். “போன்ல நம்பர் நிக்கும். நம்பரை அழிச்சிருந்தாலும் அழிச்சது தெரியும், நேத்து இருந்த வரிசை இன்னைக்கு இருக்காது. முதல்ல அதைத்தான் பார்ப்பான். அதனால தளத்துக்குள்ளயே எழுதிப் பேசுற மாதிரி வெச்சிருக்கேன். மூடினா எதுவும் மிஞ்சாது. வெளியில யாராவது வந்து, இன்னார் அங்க இருக்காங்களான்னு கேட்டா, இருக்காங்கன்னும் சொல்லாதீங்க, இல்லைன்னும் சொல்லாதீங்க. இல்லைன்னு சொல்றப்ப குரல் மாறும்.”

நர்ஸக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “எப்படித் தம்பி இவ்வளவு யோசிக்கிறீங்க?”

“பயன்படுத்துறவங்க இடத்துல நம்மள வெச்சுப் பார்க்கணும்க்கா. அதான் தொழில்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க வீட்டுக்காரம்மா கொடுத்து வெச்சவங்க,” என்றார்.

அந்த வீட்டுக்கும் என்னை ஒரு முறை அழைத்துப் போனார், கம்ப்யூட்டரைப் பொருத்தி அங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லித்தர. பெயர்ப் பலகை இல்லாத சாதாரண வீடு. முன்னால் இரும்பு கேட், அதற்கு நீளமாக ஒரு கம்பி, தரையில் உள்ள குழியில் இறங்கி நிற்கும். “இந்த வீட்டுக்கு வழி தெரிஞ்ச ஆம்பளைங்க இப்ப மூணு பேர்,” என்று சிரித்தார். “பிளம்பர், எலக்ட்ரிஷியன், நீங்க. அதுல பிளம்பர் கூப்பிட்டா வர்றதே இல்ல.”

ஒரே ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பதிவு செய்யவே கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். நான் சரி என்றேன், ஆனால் பதிவு செய்தேன். பெயர் தெரியாது, முகம் தெரியாது. மவுஸ் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்பது மட்டும் படம் போலப் பதிவாகும். அது இல்லாமல் ஒரு தளத்தைச் செம்மைப்படுத்த முடியாது. நோயாளியைத் தொடாமல் நாடி பார்க்கச் சொன்னால் எப்படி?

இந்தத் தளத்தைப் பற்றி மட்டும் வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. மனைவியை வைத்துச் சோதிக்கவும் இல்லை. அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றிருந்தேன்.

தளம் திறந்து சில வாரம் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் சார்ஜரை மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். என்னிடம் சாவி இருக்கிறது. கதவைத் திறந்தபோது அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் வானிலைப் பக்கம்.

“என்ன பாக்குற?”

“மழை வருமான்னு பாத்தேன். துணி காயப் போட்டிருக்கேன்.”

ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். ஒரு துண்டு மேகம் கிடையாது.

“வருமா?”

“வராது போலிருக்கு.”

எத்தனையோ வானிலைப் பக்கங்கள் இருக்கின்றன. அந்தக் குறிப்பிட்ட பக்கத்தை நான்தான் தேர்ந்தெடுத்திருந்தேன், விளம்பரம் இல்லாமல் சட்டென்று திறக்கும் என்பதற்காக.  தண்ணீர் குடித்தேன், சார்ஜரை எடுத்துக்கொண்டேன், சாயங்காலம் வரும்போது ஏதாவது வாங்கி வரவா என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன். படியில் இறங்கும்போது என் மனதில் முதலில் வந்தது கோபம் இல்லை மேடம். ஒரு விளம்பரம் இல்லை, ஒரு நோட்டீஸ் ஒட்டவில்லை, வீட்டை விட்டு வெளியே போகாத ஒருத்தி தானாகவே தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். தளம் வேலை செய்கிறது.

ஆபீசில் பதிவுகளை ஓட்டிப் பார்த்தேன். அவளைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. சின்னச் சின்ன வட்டங்கள். பல நாளாக வந்துகொண்டிருந்திருக்கிறாள், எப்போதும் நான் ஆபீசில் இருக்கிற நேரத்தில். ஒவ்வொரு முறையும் ‘குடும்ப வன்முறை’ என்று போட்டிருந்த பட்டனைச் சுற்றிச் சுற்றி வருவாள். அமுக்க மாட்டாள். பிறகு சிவப்புப் பட்டன், வானிலை.

அந்தச் சொல்தான் அவளை மறிக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அது செய்தித்தாள் சொல். தன் வீட்டில் நடப்பதற்கு அவ்வளவு பெரிய பெயர் பொருந்துமா என்று அவளுக்குச் சந்தேகம். எனக்கும் அதே அபிப்பிராயம்தான். அதை எடுத்துவிட்டு ‘வீட்டில் பயமாக இருக்கிறதா?’ என்று மாற்றினேன். மறுநாள் வந்தாள். ஒரு வட்டம்கூடப் போடவில்லை. நேராகப் போய் அமுக்கினாள். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அந்த வாரம் நர்ஸக்காவும் போன் செய்து, “தம்பி, திடீர்னு நிறையப் பேர் எழுதுறாங்க, என்ன மாயம் பண்ணீங்க?” என்றார்.

எழுதிப் பேசுகிற பெட்டி வரை அவள் வந்துவிட்டாள் என்றதும், அவள் எழுதுவது மட்டும் நர்ஸக்காவின் வீட்டுக்குப் போகாமல் என் திரைக்கு வருகிற மாதிரி மாற்றினேன். எங்கள் வீட்டு இணைப்பிலிருந்து வருவதை மட்டும் பிரிப்பது என் போன்ற ஆளுக்குப் பெரிய வித்தை இல்லை. மற்றப் பெண்கள் எழுதியதை நான் தொடவில்லை. அது அவர்கள் சொந்த விஷயம்.

“வணக்கம்மா. நான் இங்க வேலை பார்க்கிற அக்கா. சொல்லுங்க,” என்று எழுதினேன்.

 பிறகு, “என்ன சொல்றதுன்னு தெரியலக்கா. அடிக்கிறவர்னு சொல்ல முடியாது. நிறைய நாள் நல்லாத்தான் இருப்பார்,” என்று வந்தது.

பார்த்தீர்களா, அவளே சொல்கிறாள். எனக்கு மனசு லேசாகிவிட்டது. அன்றைக்கு வரும்போது அவளுக்குப் பிடித்த திராட்சை வாங்கி வந்தேன்.

அப்புறம் தினமும் பேசினோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியதே இல்லை. கண்ணாடிக் கடை வேலையை விட்டது தன் முடிவு இல்லை என்றாள். வலது பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டாலே விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொள்வேன் என்றாள். “பேய் மாதிரி கத்தினாக்கூடப் பரவாயில்லக்கா. கத்தவே மாட்டார். அறைஞ்சதுலதான் ஒரு காது போச்சு. இப்ப கேக்குற காதுப் பக்கமா உக்காந்து, மெதுவா, நல்ல விதமாத்தான் பேசுவார். எப்ப கை வரும்னே தெரியாது.”

“அவருக்கு உங்க மேல பாசம் இல்லன்னு நெனைக்கிறீங்களா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

“ஒரு பொருளை எடுத்தா எடுத்த இடத்துல வைப்பார்க்கா. ரொம்பச் சுத்தம். என்னையும் அப்படித்தான் வெச்சிருக்கார்.”

குறை சொன்னால் திருத்திக்கொள்கிற ஆள் நான். அன்று சாயங்காலம் ஏதோ ஒரு சின்ன விஷயத்துக்கு, குழாயைச் சரியாக மூடவில்லை என்று நினைக்கிறேன், நான் உரக்கக் கத்திப் பார்த்தேன். அவள் அதற்கும் நடுங்கினாள். எப்படித்தான் இருப்பது என்று எனக்கு ஆயாசமாக இருந்தது. தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினேன். புருவத்துக்கு மேலே பிளந்துவிட்டது. துண்டை நனைத்து நான்தான் அழுத்திப் பிடித்திருந்தேன். தையல் போடுகிற அளவுக்கு இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

மறுநாள் எழுதினாள்: “நேத்து கத்தினார்க்கா. இனிமே இங்க இருந்தா செத்துடுவேன். என்னைக் கூட்டிட்டுப் போங்க.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் இவ்வளவு நாள் பொறுமையாகக் கேட்டிருக்கிறேன், கேட்டதுக்கு ஏற்ப என்னை மாற்றிக்கொள்ளவும் முயன்றிருக்கிறேன். அவள் எடுத்த முடிவு இது. நான் எழுதினேன்: “சரிம்மா. நாளைக்குக் காலையில அவர் வேலைக்குப் போனதும் கிளம்புங்க. நூலகத்துக்கு எதிர்ல நில்லுங்க. வெள்ளை வண்டி ஒண்ணு வரும். யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“துணி எடுத்துக்கலாமா?”

“எடுத்துக்கங்க.”

“நிஜமா வந்துடலாமாக்கா? எனக்குக் கை ஓடல.”

“அவசரமில்ல, நிதானமா யோசிச்சு செய்ங்க,” என்று எழுதினேன்.

 எழுதுகிறாள் என்று காட்டுகிற அடையாளம் வந்தது, போனது, மறுபடி வந்தது. பிறகு, “சரிங்க அக்கா. நாளைக் காலையில் வந்துவிடுகிறேன். நன்றி,” என்று வந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லை, ஒரு சொல் சிதறவில்லை. அதுவரை அவள் எழுதியது எதுவும் அப்படி இருந்ததில்லை. தயக்கத்தைப் படிப்பதற்கென்றே பழகியவன் நான், அந்த ஒரு முறை கோட்டைவிட்டேன். மனசு அமைதியாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நூலகத்துக்கு எதிரில் என்ன செய்வதாக இருந்தாய் என்று காலையில் இன்னொரு அதிகாரி கேட்டார். பேசுவதாக இருந்தேன். என் வண்டியில் கயிறும், அகலமான டேப்பும், தார்ப்பாயும் இருந்தது உண்மை. எல்லாம் டயர்க் கடையில் கிடப்பவைதான்.

அவள் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அலமாரியில் அவள் துணி எதுவும் குறையவில்லை. செல்போன் சாப்பாட்டு மேசையில் இருந்தது. பக்கத்தில் லேப்டாப் திறந்து கிடந்தது, அதில் வானிலைப் பக்கம். கீழ் வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் போனிலிருந்து அவள் ஆஸ்பத்திரிக்குப் பேசி, அடி வாங்கிய பெண்கள் தங்குகிற வீட்டைப் பற்றிக் கேட்டு, அங்கிருந்து நர்ஸக்காவின் நம்பரை வாங்கியிருக்கிறாள் என்பது எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரியும். ஆனால் எங்கே போயிருப்பாள் என்று தெரிய அதெல்லாம் தேவைப்படவில்லை. எனக்குத்தான் அந்த வீட்டுக்கு வழி தெரியுமே.

கேட்டைத் திறக்க அந்தக் கம்பியைக் குழியிலிருந்து உருவ வேண்டும். உருவினேன். கீழே போட்டால் சத்தம் வரும் என்று கையிலேயே வைத்துக்கொண்டேன். கைக்கு வாகான கம்பி. மேலே பிடிப்பதற்காக வளைத்து, கை நழுவாமல் இருக்கத் துணி சுற்றியிருந்தார்கள். செய்தவன் அதைப் பிடிக்கப் போகிற கையை நினைத்துச் செய்திருக்கிறான்.

நான் வாசலை நெருங்கும் முன்பே நர்ஸக்கா வெளியே வந்து, கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துச் சாத்தினார். உள்ளே தாழ் போடுகிற சத்தம் கேட்டது.

“நீங்களா தம்பி,” என்றார். ஆச்சரியமே இல்லாத குரல். ரொம்பச் சோர்ந்து போயிருந்தார்.

“என் மனைவி உள்ள இருக்கா.”

“இருக்காங்கன்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். நீங்கதான சொல்லிக் கொடுத்தீங்க.”

“அஞ்சு நிமிஷம் பேசிட்டுப் போயிடுறேன்க்கா.”

“கம்பியைக் கீழ வெச்சிட்டு, கேட்டுக்கு வெளிய நின்னு பேசுங்க.”

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். “அக்கா மாதிரி எழுதினது நீங்கதானாமே. அந்தப் பிள்ளை ஒத்தை வாக்கியத்துல உங்களைக் கண்டுபிடிச்சிருச்சு. உங்களுக்குப் பயந்துகூட அது இவ்வளவு அழல தம்பி. மனசுல கிடந்ததையெல்லாம் உங்ககிட்டயே கொட்டிட்டோமேன்னு கூசிப் போய் அழுவுது.” கம்பியை ஒரு முறை பார்த்துவிட்டு, “நான்தான் உங்க கையைப் பிடிச்சு இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். அது என் தப்பு. ஆனா உள்ள விட மாட்டேன்,” என்றார்.

இரண்டு கையையும் விரித்துக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

முதல் அடி தோளில் பட்டது. அங்கேதான் ஓங்கினேன், நகரட்டும் என்று. தோள் ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது, ஆனால் அவர் நகரவில்லை. கத்தவும் இல்லை. தலையைக் கதவுப் பக்கம் திருப்பி, “யாரும் திறக்காதீங்க,” என்றார், வார்டில் சத்தம் போடுகிறவர்களை அடக்குகிற மாதிரி. இரண்டாவது அடி காதுக்கு மேலே. முட்டி மடிந்து வாசற்படியில் விழுந்தார். மூக்கிலிருந்து ரத்தம் வந்து படியில் இறங்கி என் செருப்பை நனைத்தது.

விழுந்த பிறகும் ஏன் அடித்தாய் என்று நீங்கள் கேட்டீர்கள். அவர் கதவுக்குக் குறுக்கே கிடந்தார் மேடம். ஒரு கை எழுந்து கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. கையை எடுங்கள் என்று சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். எடுக்கவில்லை. கைமேல் அடித்தேன். மணிக்கட்டு உடைந்து கை விழுந்தது, தோள் தொங்கிய மற்ற கையும் எழுந்து அதே இடத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு தலையில் அடித்தேன். எத்தனை அடி என்று நினைவில்லை. மண்டை ஓடு உள்ளே போன பிறகுதான் கை திரும்ப எழவில்லை. கம்பியில் சுற்றியிருந்த துணி ஊறி வழுக்க ஆரம்பித்தது, அப்போது நிறுத்தினேன்.

பிறகு கதவைத் தட்டினேன். மெதுவாகத்தான் தட்டினேன். உள்ளே கட்டில் இழுத்து வைக்கிற சத்தம், யாரோ ஒரு குழந்தையின் வாயைப் பொத்துகிற சத்தம். அதற்கு நடுவில் என் மனைவியின் குரல். உங்கள் அலுவலகத்துக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டு விலாசம், என் பெயர், வண்டியின் நிறம், நம்பர், நர்ஸக்கா வாசலில் கிடக்கிறார் என்பது, கையில் இரும்புக் கம்பி இருக்கிறது என்பது. எதிர்முனையில் கேட்டதற்கெல்லாம் உடனே உடனே பதில் சொன்னாள். குரல் உயர்ந்தது, ஆனால் உடையவில்லை. கதவில் காதை வைத்து நான் கேட்டுக்கொண்டே நின்றேன். யார் இது என்று இருந்தது எனக்கு. உங்கள் ஆட்கள் வந்து என்னைக் கீழே தள்ளிக் கையைக் கட்டுகிற வரை நான் ஓடவில்லை, எதிர்க்கவும் இல்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் மறைக்க எதுவும் இல்லை. நர்ஸக்காவை அடித்துக் கொன்றது நான்தான். வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை. சொல்லச் சொல்ல நீங்கள் எழுதியதை எனக்குப் படித்துக் காட்ட வேண்டாம், அப்படியே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் கொஞ்சம் ஒதுங்கி நின்றிருந்தால் அன்றைக்கு யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. நான் கை நீட்டுகிற ஆள் இல்லை மேடம். வேண்டுமானால் என் மனைவியையே கேட்டுப் பாருங்கள்.